ஹெரால்டுக்குள் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினா?

எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஒரு வாக்கியம் உண்டு. "இது ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்டா." சொல்பவர் அப்பா. சொல்வது, நசரத்பேட்டை வீட்டின் பக்கவாட்டில் ஷீட் கூரைக்குக் கீழே நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி. நாலு கதவு, மார்க் 3. 1986ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2004க்குப் பிறகு ஓடவில்லை. வருகிற விருந்தாளி யாராக இருந்தாலும் தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கிக் காட்டி, இந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவார்.

சின்ன வயதில் நம்பினேன். கல்லூரி போனதும் நம்புவதை விட்டேன். 948 சிசி வண்டி. பூந்தமல்லி பாலம் ஏறும்போது முனகும். இதில் ஸ்போர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டூல் ரூமில் 30 வருஷம் வேலை பார்த்தவர், தன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசுகிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

2022ல் அந்த இன்ஜினை நானே இறக்கினேன். ஆபீஸ் வேலை வீட்டிலிருந்துதான், சனி ஞாயிறு ஷெட்டில். அப்பா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து சூப்பர்வைசர். பாகங்களைத் தேட ஆரம்பித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த பல உதிரிபாகங்களின் கவர் மேல் இரண்டு பெயர் இருந்தது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்பது இரண்டு சீட், திறந்த மேல்பகுதி கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார். அப்பா சொன்னதைச் சரிபார்க்க வேண்டியதாகிவிட்டது. இந்தப் பதிவு அந்தச் சரிபார்ப்பின் குறிப்புகள்.

ஒரே ஸ்ட்ரோக், வேறு வேறு போர்

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சிக்கனக் காரை விட்டது. அதற்காகச் செய்த இன்ஜினுக்கு எஸ்.சி. என்று பெயர். 'சின்ன கார்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். 803 சிசி, 26 குதிரைத்திறன். யாரும் ரேஸ் கனவோடு செய்த இன்ஜின் இல்லை.

அதன் வளர்ச்சியைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். சிலிண்டரின் விட்டம் போர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஸ்ட்ரோக். எய்ட்டில் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 76. நாலு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டால் 803 சிசி. அதே 76 ஸ்ட்ரோக்கில் போரை 63 ஆக்கினார்கள்: 948. 69.3 ஆக்கினார்கள்: 1147. 73.7 ஆக்கினார்கள்: 1296. கடைசியில் ஸ்ட்ரோக்கையும் 87.5க்கு நீட்டி 1493.

1959ல் வந்த முதல் டிரையம்ப் ஹெரால்டில் 948 சிசி. 1962 அக்டோபரில் வந்த ஸ்பிட்ஃபயரில் 1147. 1967ல் ஸ்பிட்ஃபயருக்கு 1296, 1974ல் 1493. 1980ல் அந்தக் காரை நிறுத்தும்வரை அடியில் இருந்தது அந்தச் சிக்கனக் கார் இன்ஜினின் வம்சம்தான். மூன்று மெயின் பேரிங், பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், புஷ் ராடு, 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர். 1965 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலாவதாக வந்த ஸ்பிட்ஃபயருக்குள்ளும் இருந்தது இந்தக் குடும்பத்து இன்ஜின்தான்.

அப்பாவுக்குப் பாதி மார்க் கொடுத்துவிடலாம். மீதிப் பாதிக்குப் போவோம்.

ஒரு கம்பெனி கைமாறியதால் கிடைத்த வசதி

ஹெரால்டை வீட்டில் பிரிப்பது சுலபம். காரணம் ஒரு பழைய வியாபாரத் தகராறு.

ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புது மாடலுக்கு பாடி செய்து தர ஆள் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் சேஸியும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஹெரால்டு மட்டும் பின்னோக்கிப் போனது. தனி சேஸி, அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடி. வேறு வேறு இடத்தில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளலாம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

இப்படித் தனி சேஸி இருந்ததால்தான் ஸ்பிட்ஃபயரும் பிறந்தது. ஹெரால்டின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம். அதை 83 ஆகச் சுருக்கி, மேலே மிக்கெலோட்டி வரைந்த இரண்டு சீட் பாடியை வைத்தார்கள். மாதிரி வண்டி தயாரானபோது கம்பெனியில் பணம் இல்லை. 1961ல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு டிரையம்பை வாங்கியது. ஃபேக்டரியைச் சுற்றிப்பார்த்த லேலண்டு அதிகாரிகள், ஒரு மூலையில் துணி போர்த்தி நின்ற வண்டியைப் பார்த்து உற்பத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். நம்ம எண்ணூர் அசோக் லேலண்டோடு கூட்டு வைத்திருந்த அதே லேலண்டுதான். பஸ், லாரி செய்கிற கம்பெனி ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் காப்பாற்றியது.

வண்டலூரும் பாடியும்

ஹெரால்டு மெட்ராஸுக்கு வந்ததும் அதே 1961ல்தான். 1953ல் டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, இங்கேயே பாகங்கள் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளிநாட்டுக் காரைப் பூட்டி விற்பது முடியாது என்றானது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவர்களில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவும் ஒன்று. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 10, அதற்குப் பிறகு ஹெரால்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு நம்ம ஊர் சரக்கு.

1960களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் வரிசையாக வந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்கெனவே இருந்தது. பிறகு அம்பத்தூர் எஸ்டேட். இங்கிலாந்து ஸ்பிட்ஃபயரின் ஸ்டார்ட்டர் லூகாஸ், கிளட்ச்சுக்கான மாஸ்டர் சிலிண்டர் கர்லிங். லூகாஸும் கர்லிங்கும் கூட்டாளிகளாகப் பாடியில் இருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் செய்யத் தேவையான சாமான்களில் பெரும்பங்கு, அந்த வகையில் பார்த்தால், 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கிடைத்தது. ஸ்போர்ட்ஸ் கார்தான் இல்லை.

இன்ஜினைத் திறந்தபோது

செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து இன்ஜினை இறக்கினோம். ஹெட்டைக் கழற்றியதும், சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டியது. பிஸ்டன் ரிங் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவில் விழும் படி அது. ரீபோர் கட்டாயம். அம்பத்தூரில் ஒரு போரிங் கடைக்கு பிளாக்கைக் கொண்டுபோனேன். கடைக்காரர் அளந்து பார்த்து, "முப்பது தௌ போட்டாத்தான் சார் கோடு போகும்" என்றார். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பது தௌ என்பது 0.76 மி.மீ.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 63.76 மி.மீ. போர், 76 ஸ்ட்ரோக்: 971 சிசி. அப்பாவிடம் சொன்னதும், "பாத்தியா, ஏறுது" என்றார். ஸ்பிட்ஃபயரின் 1147க்கு 69.3 வேண்டும். நம் பிளாக்கை 6 மி.மீ. கடைந்தால் சிலிண்டர் சுவரே மிஞ்சாது.

அளவு மட்டும் இல்லை. ஹெரால்டு 948ல் ஒரு கார்பரேட்டர், சுமார் 35 குதிரைத்திறன். முதல் ஸ்பிட்ஃபயரில் இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர், 9க்கு 1 கம்ப்ரெஷன், வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட், 63 குதிரைத்திறன். எலும்பு ஒன்று, தசை வேறு.

அடுத்து கிளட்ச். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கிளட்ச் பிளேட் மாற்ற இன்ஜினை இறக்கவே வேண்டாம். முன் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைச் சுருட்டி, நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் மூடியை எடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் கழற்றினால், கியர்பாக்ஸைக் காருக்குள்ளேயே பின்னால் இழுத்துத் தூக்கி, கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். வண்டிக்கு அடியில் படுத்து நெஞ்சில் கியர்பாக்ஸைத் தாங்குகிற அவஸ்தை கிடையாது. எங்கள் வண்டியில் கிளட்ச் பிளேட் லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றினோம். ஃபிளைவீல் முகத்தை லேத்தில் லேசாகக் கடைந்தோம்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. இந்தக் குடும்பத்து இன்ஜின்களுக்கு ஒரு பேர்போன பலவீனம் உண்டு. கிளட்ச் பெடலை மிதித்தால், ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல் ஃபிளைவீல் வழியாக மொத்த கிராங்க் ஷாஃப்ட்டையும் முன்னால் நகர்த்தப் பார்க்கும். அதைத் தடுப்பவை பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் அரைநிலா வடிவத் தகடுகள். திரஸ்ட் வாஷர் என்பார்கள். பின்பக்கத் தகடுதான் அடி வாங்கும். ரொம்பத் தேய்ந்தால் கழன்று எண்ணெய்ச் சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் நேராக பிளாக்கையே அறுக்கும். பிளாக் போனால் இன்ஜின் போச்சு. எங்களிடம் வேறு பிளாக் கிடையாது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். இன்ஜினை இறக்குவதற்கு முன்பே செய்து பார்த்திருந்தோம். அப்பா மிதித்தார். புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தது. டூல் ரூம் காலத்து டயல் கேஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்து வைத்தார். 21 தௌ. இருக்க வேண்டியது 4 முதல் 8.

அப்பா கேஜைத் துடைத்துக்கொண்டே, "இதுல பாதி குமணன்சாவடி சிக்னல்ல தேஞ்சது" என்றார். எனக்குப் புரிந்தது. 1998ல் இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினேன். சிக்னலில் நிற்கும்போது கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருப்பேன். பச்சை விழுந்ததும் உடனே கிளம்பணும் என்று. பக்கத்து சீட்டிலிருந்து "நியூட்ரல் பண்ணுடா, நியூட்ரல் பண்ணுடா" என்று கத்துவார். கிளட்ச் பிளேட்டுக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்ப்பைக் கழற்றியபோது நல்லவேளையாகத் தகடு இடத்திலேயே இருந்தது. காகிதம் மாதிரி மெலிந்திருந்தது, விழவில்லை. கிராங்க் முகத்தில் கோடு இல்லை. கொஞ்சம் தடிமன் கூடிய புது வாஷர் போட்டு அளந்தோம். 6 தௌ.

பெருமையைத் திருப்பிப் போட்டால்

இங்கேதான் என் தேடல் கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வந்தது. "ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்கார இன்ஜின்" என்பது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள தகுதியா என்று பார்க்கலாமே என்று அந்தக் கால இந்தியக் கார்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

அம்பாசடரில் 1959 வாக்கில் வந்த 1489 சிசி இன்ஜின், பி.எம்.சி.யின் பி சீரிஸ். 1955ல் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதே 1489 சிசி பி சீரிஸ். ஃபியட் 1100ன் 1089 சிசி இன்ஜின்? 1947ல் வந்த சிசிடாலியா 202 என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின், ஃபியட் 1100 இன்ஜினை வைத்துச் செய்ததுதான். அந்தக் காரின் அழகுக்காக நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

வண்டலூரிலேயே இன்னொன்றும் உண்டு. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவர் எஸ்.டி.1 காரின் பாடிக்குள் பழைய வேன்கார்டு வழி வந்த 1991 சிசி இன்ஜினை வைத்தார்கள். சில வருஷங்களில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் வேன்கார்டு இன்ஜினின் கதையைப் பாருங்கள். அது 85 மி.மீ. போர், 92 ஸ்ட்ரோக், 2088 சிசி. சிலிண்டர்கள் கழற்றி மாட்டும் லைனர்கள். 83 மி.மீ. லைனர் போட்டு 1991 சிசி ஆக்கி, 1953ல் டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். அதே வம்சத்து இன்ஜின் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது.

அதாவது பிரிமியர் ஃபியட் வைத்திருந்த பேங்க் மேனேஜரும், அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவரும், டிராக்டர் வைத்திருந்த விவசாயியும் அப்பாவின் வாக்கியத்தை அப்படியே சொல்லலாம்.

நான் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நம் குடும்பக் காரில் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் இல்லை. ஸ்போர்ட்ஸ் காரில்தான் குடும்பக் கார் இன்ஜின். போருக்குப் பிந்தைய வருஷங்களில் சின்னக் கம்பெனிகளுக்குத் தனி இன்ஜின் செய்யும் வசதி கிடையாது. லட்சக்கணக்கில் ஓடுகிற சாதாரணக் காரின் இன்ஜினை எடுத்து, கார்பரேட்டரைக் கூட்டி, எடையைக் குறைத்து, மேலே அழகான பாடியை வைத்தார்கள். விலை குறைந்தது. கவென்ட்ரியில் ஒரு குமாஸ்தா தன் ஸ்பிட்ஃபயரின் கிளட்ச்சை வீட்டு வாசலிலேயே மாற்ற முடிந்தது என்றால், அதற்குக் காரணம் உள்ளே இருந்தவை எல்லாம் சாதாரணப் பாகங்கள் என்பதுதான்.

இங்கே அந்தச் சாதாரணப் பாகங்கள் அத்தனையும் இருந்தன. மேலே வைக்கும் பாடி மட்டும் வரவில்லை. என்ன கார், எத்தனை கார் என்பதெல்லாம் லைசென்ஸில் முடிவான காலம். குடும்பக் காருக்கே ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தபோது இரண்டு சீட் காரைப் பற்றி யார் பேச முடியும்? இங்கிலாந்தில் இன்ஜின் 1493 வரை வளர, வண்டலூர் ஹெரால்டு கடைசிவரை 948லேயே நின்றது. வேகத்தில் ஆசை இருந்தவர்கள் சோழவரத்துக்குப் போனார்கள். உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து நடந்த பந்தயங்களில், இதே ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் இன்ஜின்களைக் கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓட்டினார்கள். கவென்ட்ரி ஃபேக்டரியில் செய்ததை இங்கே தனி ஆட்கள் ஷெட்டில் செய்தார்கள்.

அப்பாவிடம் சொன்னது

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். 78 வயதில், 36 வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம். அம்பாசடருக்கும் அது பொருந்தும் என்றால் மனசு கஷ்டப்படுமோ என்று. கடைசியில் டேப்பட்டுக்கு 10 தௌ கேஜ் வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எம்ஜிஏ, சிசிடாலியா, டிராக்டர், எல்லாம்.

கேட்டுவிட்டு, "நான் என்ன சொன்னேன்? ஸ்போர்ட்ஸ் கார்ல இருக்கற இன்ஜின்னு சொன்னேன். அது அங்க எப்படிப் போச்சுன்னு நான் சொல்லலியே" என்றார். பிறகு, "நாலாவது வால்வு டைட்டா இருக்கு, மறுபடி பாரு."

டைட்டாகத்தான் இருந்தது.

2023 பொங்கலுக்கு முந்தின ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுத்தோம். ரிங் உட்காரும்வரை வேகம் கூட்டக் கூடாது என்பதால், நசரத்பேட்டையில் ஏறும் அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் ரோட்டில் 40க்கு மேல் போகவில்லை. அந்த ரோடு தெற்கே போய் முடிவது வண்டலூரில். ஃபேக்டரி இருந்த பக்கம். அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டேன். "இன்னிக்கு வேணாம், சூடு பாத்துட்டு அடுத்த வாரம்" என்றார்.

திரும்பி வரும்போது ஜங்ஷனில் சிவப்பு விழுந்தது. அவர் சொல்வதற்கு முன்பே நியூட்ரல் செய்து, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.